குடும்பத்தோடு பெரிய கப்பலில் ஏறும் முதல் நாள் எப்படி இருக்கும்?

கேட்கப்பட்டது இது: "நானும் கணவரும், 11 வயது மகள், 4 வயது மகன், 72 வயது மாமியார் என்று ஐந்து பேர் முதல்முறையாக ஒரு பெரிய சொகுசுக் கப்பலில் ஏழு இரவுப் பயணம் போகிறோம். ஏறுகிற நாளில் என்னென்ன நடக்கும்? எதை முதலில் செய்ய வேண்டும், எதை விட்டுவிடலாம்?"

இப்படிப்பட்ட கப்பல்களில் ஆறு வருடம் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தவன் நான். பயணிகள் ஏறுகிற நாளில், மதியம் மூன்று மணிக்கு எங்கள் மேசைக்கு முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தாலே யார் எங்கே சறுக்கினார்கள் என்று சொல்லிவிடலாம். மாத்திரை சூட்கேஸோடு போய்விட்டது. பையனைக் காணவில்லை. அறை எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பெட்டி இன்னும் வரவில்லை. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். நான்குமே முந்தின நாள் வீட்டில் உட்கார்ந்து பத்து நிமிடம் யோசித்திருந்தால் வந்திருக்காது.

ஏறியவுடனே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று துடிக்கிற குடும்பங்கள்தான் சாயங்காலத்துக்குள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத நிலைக்கு வந்துவிடும். வீடு மாற்றுகிற நாள் என்று நினைத்துக்கொண்டு ஏறுங்கள். வீடு மாற்றுகிற அன்று யாரும் ஊர் சுற்றக் கிளம்புவதில்லை. சாமான் எங்கே, சாவி எங்கே, குளியலறை எங்கே என்று பார்த்தாலே பொழுது போய்விடும். கப்பலிலும் அப்படித்தான்.

முதலில் அளவைப் புரிந்துகொள்ளுங்கள். 2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலின் நீளம் 365 மீட்டர், 20 தளங்கள். நிரம்ப ஏற்றினால் 7,600 பயணிகள், அவர்களுக்கு மேல் 2,350 ஊழியர்கள். உங்கள் கப்பல் இதில் பாதி அளவாக இருந்தாலும் அது ஒரு சின்ன ஊர்தான். (இரண்டரை லட்சம் டன் என்று விளம்பரத்தில் வருவது எடை அல்ல, கப்பலுக்குள் இருக்கும் மொத்த இடத்தைக் குறிக்கும் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் எடை என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.) அந்த ஊரில் இருந்தவர்கள் அத்தனை பேரும் அன்று காலையில்தான் இறங்கியிருப்பார்கள். அவர்கள் படுத்த படுக்கைகளை மாற்றி, குளியலறைகளைக் கழுவி, ஒரு வாரத்துக்கான சாப்பாட்டுச் சாமான்களை ஏற்றி, உங்களையும் ஏற்றி, மாலை நான்கு ஐந்து மணிக்குள் கிளம்பியாக வேண்டும். மதியம் ஒரு மணி, ஒன்றரை மணி வரை அறை தயாராகாததற்கும், பெட்டி சாயங்காலம்தான் வந்து சேர்வதற்கும் காரணம் இதுதான். மேசையில் வந்து சத்தம் போட்டாலும் படுக்கை விரிப்பு வேகமாக மாறாது.

பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் முதல் நாளின் முக்கால்வாசித் தொல்லை அங்கேதான் இருக்கிறது. டெர்மினல் வாசலில் போர்ட்டர்கள் உங்கள் சூட்கேஸ்களை வாங்கிக்கொள்வார்கள். அறை எண் போட்ட டேக் அதில் கட்டியிருக்க வேண்டும். ஆன்லைனில் செக்-இன் செய்யும்போதே அச்சிட்டுக்கொள்ளலாம். வாங்கிய பெட்டிகளை எக்ஸ்ரேயில் விட்டு, தளவாரியாகப் பிரித்துக் கூண்டுகளில் அடுக்கி, ஊழியர் லிஃப்டில் மேலே அனுப்புவார்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் முன்முனையிலிருந்து பின்முனை வரை ஓடும் ஒரு நீண்ட நடைவழி உண்டு. அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரை வைத்து அதை ஐ-95 என்று ஊழியர்கள் சொல்வார்கள். ஏறும் நாளன்று அங்கே நின்று பார்த்தால் ஏன் தாமதமாகிறது என்று யாரும் கேட்க மாட்டீர்கள். ஆயிரக்கணக்கான கறுப்புச் சூட்கேஸ்கள், எல்லாம் ஒரே மாதிரி. உங்கள் பெட்டியின் கைப்பிடியில் பளிச்சென்று ஒரு துணியைக் கட்டுங்கள். டேக் கிழிந்து போனால் அடையாளம் சொல்ல உதவும்.

பெட்டி கையைவிட்டுப் போனபின் ஐந்தாறு மணி நேரம் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேவைப்படுகிற எல்லாம் தோளில் மாட்டும் பையில் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டுகள், பயணச்சீட்டு, விசா தேவை என்றால் அது. மாமியாருடைய மாத்திரைகள்: அன்றைக்கு மட்டுமல்ல, ஏழு நாளுக்கும். கண்ணாடி, காது கேட்கும் கருவி வைத்திருந்தால் அதற்கான பேட்டரி. போன் சார்ஜர். சின்னவனுக்கு ஒரு செட் மாற்றுத் துணி. பிள்ளைகள் இருவருக்கும் நீச்சல் உடை. முதல் நாள் மதியம் நீச்சல்குளம்தான் கப்பலிலேயே காலியாகக் கிடக்கும் இடம். மற்றவர்களுடைய நீச்சல் உடை எல்லாம் கீழே கூண்டுக்குள் இருக்கும்.

ஒரு குடும்பம் எனக்கு மறக்கவே மறக்காது. நான்கு பாஸ்போர்ட்டையும் பத்திரமாக இருக்கட்டும் என்று சூட்கேஸின் உள் ஜிப்பில் வைத்து, சூட்கேஸைப் போர்ட்டரிடம் கொடுத்துவிட்டார்கள். செக்-இன் கவுன்ட்டருக்கு வந்தபிறகுதான் அந்த அம்மாவுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மணி நேரம் கூண்டு கூண்டாகத் தேடினோம். கிடைத்தது. கிடைக்கும் வரை அந்தக் கணவர் பேசிய பேச்சைக் கேட்ட பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். இஸ்திரிப் பெட்டி, மின்சாரக் கெட்டில், மெழுகுவத்தி, சர்ஜ் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் கம்பி போன்றவற்றைப் பெரும்பாலான கப்பல்களில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நடுக்கடலில் தீயணைப்பு வண்டி வராது என்பதுதான் காரணம். பெட்டி இரவு எட்டு மணி வரை வரவில்லை என்றால் முக்கால்வாசி நேரம் உள்ளே ஒரு இஸ்திரிப் பெட்டி இருக்கும். பாதுகாப்புப் பிரிவினர் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள், நீங்கள் போய்த் திறந்து காட்ட வேண்டும்.

கப்பல் கிளம்பும் துறைமுகத்துக்கு விமானத்தில் போவதாக இருந்தால் முந்தின நாளே போய்விடுங்கள். விமானம் தாமதமானால் அடுத்த விமானத்தைப் பிடிக்கலாம், ஆனால் கப்பல் காத்திருக்காது. ஏறுவதற்கென்று உங்களுக்கு ஒரு நேரம் கொடுப்பார்கள். அதைவிட முன்னதாகப் போய் வரிசையில் நிற்பதில் லாபம் இல்லை, அதுவும் வயதானவரோடும் சின்னப் பிள்ளையோடும். மாமியாருக்கு நீண்ட நேரம் நிற்க முடியாது என்றால் சக்கர நாற்காலி வேண்டும் என்று முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள். டெர்மினலிலிருந்து கப்பலுக்குப் போகும் பாலம் சில நேரம் நன்றாகவே சரிவாக இருக்கும். 'நான் நடந்துவிடுவேன்' என்று அவர் சொல்வார். அன்று மட்டும் கேட்காதீர்கள்.

செக்-இன் முடிந்ததும் ஆளுக்கு ஒரு அட்டை தருவார்கள். சில கப்பல்களில் அறை வாசலில் ஒட்டி வைத்திருப்பார்கள். அந்த அட்டைதான் அறைச் சாவி, அடையாளச் சீட்டு, பணப்பை எல்லாம். கப்பலுக்குள் ரொக்கத்துக்கு வேலை இல்லை, வாங்குவதெல்லாம் கணக்கில் ஏறிக் கடைசியில் உங்கள் கடன் அட்டையில் வந்து விழும். ஊழியர்களுக்கான தினசரி டிப்ஸும் பல கப்பல்களில் தானாகவே அதில் ஏறிக்கொண்டிருக்கும். பிள்ளைகளின் அட்டையிலும் வாங்கும் வசதி திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வரவேற்பு மேசையிலோ கப்பலின் ஆப்பிலோ பார்த்து அடைத்துவிடுங்கள். வீடியோ கேம் அறையில் ஒவ்வொரு முறை அட்டையைத் தட்டும்போதும் பணம் போகிறது என்பது 11 வயதுப் பிள்ளைக்கு உறைக்காது. நாலாம் நாள் கணக்கைப் பார்த்துவிட்டு அப்பாக்கள் வரும் வேகம் எனக்குத் தெரியும்.

ஏறியதும் எல்லோரும் நேரே போவது மேல்தளத்து பஃபேக்கு. வந்த ஆயிரம் பேருக்கும் தெரிந்த ஒரே சாப்பாட்டு இடம் அதுதான் என்பதால் அங்கே தட்டை வைத்துக்கொண்டு இடம் தேடி அலைவார்கள். பெரிய கப்பல்களில் கீழ்த்தளங்களிலும் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் கட்டணமில்லாமல் திறந்திருக்கும்; சிலவற்றில் முக்கிய உணவகத்திலேயே உட்கார வைத்து மதிய உணவு பரிமாறுவார்கள். ஆப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். எங்கே சாப்பிட்டாலும் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஜெல்லைத் தேய்த்துக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கப்பல்களில் வாந்தி பேதியைப் பரப்பும் நோரோவைரஸ் அந்த ஆல்கஹால் ஜெல்லுக்குச் சரியாக மசியாது. சோப்பும் தண்ணீரும்தான் அதைக் கழுவிக்கொண்டு போகும். சின்னவன் படிக்கட்டுக் கைப்பிடி முழுவதையும் தடவிக்கொண்டுதான் வந்திருப்பான்.

அறை திறந்துவிட்டது என்று அறிவிப்பு வந்ததும் ஐந்து பேரும் சேர்ந்து போங்கள். அங்கே சில விஷயங்கள் வீட்டைப் போல இருக்காது. குளியலறை வாசலில் படி போல ஒரு தடுப்பு எழும்பி நிற்கும், தண்ணீர் வெளியே வராமல் இருக்க. முதல் நாள் இரவில் அதில் இடித்துக்கொள்ளாத பெரியவர்கள் குறைவு. மாமியாரைப் பகலிலேயே இரண்டு தடவை உள்ளே போய் வெளியே வரச் சொல்லுங்கள். கழிப்பறை விமானத்தில் உள்ளது போல உறிஞ்சி இழுக்கும் வகை. மூடியை மூடிவிட்டு அழுத்த வேண்டும். அழுத்தியதும் ஒரு நொடி ஒன்றுமே நடக்காது, பிறகு திடீரென்று ஒரு பெரிய உறுமல் வரும். நான்கு வயதுப் பிள்ளைகள் அதைக் கேட்டுப் பயந்து அப்புறம் இரண்டு நாள் உட்கார மறுத்த கதை நிறைய உண்டு. முதலில் அவனை வெளியே நிறுத்தி, 'கப்பல் எப்படிக் கத்துகிறது பார்' என்று விளையாட்டாகக் காட்டிவிடுங்கள். ஈரத் துடைப்பான், டயப்பர் எதையும் அதில் போடக் கூடாது. அடைத்தால் உங்கள் அறையோடு பக்கத்து அறைகளுக்கும் சேர்த்து நிற்கும்.

பால்கனி உள்ள அறை என்றால் இன்னும் ஒன்று. பால்கனிக் கதவும் நடைவழிக் கதவும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால், காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பாயும், கனமான அந்த நடைவழிக் கதவு பீரங்கி வெடித்ததுபோல் அறைந்து சாத்திக்கொள்ளும். நடுவில் ஒரு சின்ன விரல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒன்று மூடிய பிறகுதான் மற்றது என்று அன்றே ஒரு சட்டம் போடுங்கள். பால்கனி நாற்காலியைத் தடுப்புக் கம்பியிலிருந்து தள்ளிப் போட்டு, கதவின் மேல் தாழ்ப்பாளைப் போட்டே வையுங்கள்.

சுவர்கள் பெரும்பாலும் எஃகுத் தகடு. நான்கு காந்தக் கொக்கிகள் கொண்டு போனால் தொப்பி, ஈர உடை, அட்டைகள் எல்லாம் சுவரில் தொங்கிவிடும். ஐந்து பேர் இருக்கிற சின்ன அறையில் அது பெரிய வரம்.

அப்புறம் வழி. ஒரே மாதிரி கம்பளம், ஒரே மாதிரி கதவுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை நீளும் நடைவழி. முதல் இரண்டு நாள் பெரியவர்களே எதிர்த்திசையில் முந்நூறு மீட்டர் நடந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். கப்பலின் முன்பக்கம் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம் போர்ட், வலது கைப் பக்கம் ஸ்டார்போர்ட். அறை எண்ணின் முதல் ஒன்றிரண்டு இலக்கம் தளத்தைச் சொல்லும். ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எண்கள் மறுபக்கம் என்று பல கப்பல்களில் பிரித்திருப்பார்கள். சில கப்பல்களில் கம்பளத்தில் மீன்கள் வரைந்திருக்கும், எல்லா மீனும் முன்பக்கம் பார்த்தே நீந்தும். 13-ஆம் தளத்தைத் தேடாதீர்கள், பல கப்பல்களில் 12-க்கு அடுத்து 14-தான். இதையெல்லாம் நீங்கள் படித்து வைப்பதைவிட ஒரு சுலப வழி: மகளை வழிகாட்டியாக்கிவிடுங்கள். அறையிலிருந்து சாப்பாட்டு இடத்துக்கும், சாப்பாட்டு இடத்திலிருந்து அறைக்கும் அவள் முன்னால் போகட்டும், தப்பாகப் போனாலும் திருத்தாமல் பின்னால் போங்கள். இரண்டு தடவையில் கற்றுக்கொள்வாள், மறுநாள் பாட்டியையும் அவளே கூட்டிக்கொண்டு போவாள். கூடவே, தொலைந்தால் எங்கே நிற்பது என்று ஓர் இடத்தைக் குறித்து வையுங்கள். லிஃப்ட் பக்கம் வேண்டாம், எல்லா லிஃப்டும் ஒரே மாதிரி இருக்கும். வரவேற்பு மேசை நல்ல இடம்.

இனி சொல்வது மட்டும் விட்டுவிடவே முடியாதது: மஸ்டர் டிரில், அதாவது ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்கிற ஒத்திகை. பயணிகளுக்குப் பிடிக்காத அரைமணி நேரம் இது. ஆனால் இதன் பின்னால் இருக்கும் கதை தெரிந்தால் முணுமுணுக்க மாட்டீர்கள். 1912-இல் டைட்டானிக் மூழ்கியதை அடுத்து 1914-இல் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம் ஒன்று உருவானது. சோலாஸ் என்று சொல்வார்கள், திருத்தித் திருத்தி இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்த விதிப்படி பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் ஒத்திகை நடத்தினால் போதும் என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2012 ஜனவரி 13 இரவு, இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்தது. கப்பலில் 4,200-க்கு மேற்பட்டவர்கள், இறந்தவர்கள் 32 பேர். அன்று சாயங்காலம்தான் ஏறிய நூற்றுக்கணக்கானோருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. மறுநாள் நடப்பதாக இருந்தது. அப்போதைய விதிப்படி அது தவறும் இல்லை. அதன்பிறகு விதியை மாற்றினார்கள். 2015 ஜனவரி 1 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ ஒத்திகை முடிந்தாக வேண்டும்.

முன்பெல்லாம் எல்லோரையும் ஒரே நேரத்தில் வரிசையாக நிற்க வைப்பார்கள். 2020-இன் பெருந்தொற்றுக்குப் பிறகு பல கப்பல்களில் முறை மாறிவிட்டது. போனிலோ அறைத் தொலைக்காட்சியிலோ ஒரு காணொளி பார்த்துவிட்டு, உங்கள் மஸ்டர் ஸ்டேஷனுக்கு, அதாவது ஆபத்தில் நீங்கள் கூட வேண்டிய இடத்துக்கு, நேரில் போய் அட்டையைக் காட்டினால் முடிந்தது. இதை ஏறியவுடனே, மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கடைசி அரைமணியில் போனால் ஆறாயிரம் பேரில் பாதி உங்களோடு படிக்கட்டில் இருப்பார்கள். ஐந்து பேரும் போக வேண்டும், பாட்டி அறையில் படுத்திருக்கட்டும் என்பது நடக்காது. எச்சரிக்கை ஒலியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்: ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். அறையில் பிள்ளைகள் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா அல்லது ஸ்டேஷனில்தான் தருவார்களா என்றும் கேளுங்கள். பெரிய கப்பல்களில் சில உயிர்காக்கும் படகுகளில் 370 பேர் வரை ஏறலாம். மேலே தொங்குகிற அந்த ஆரஞ்சு நிறப் படகு ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கப்பல் என்று சொன்னால் சின்னவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான்.

இதோடு சேர்த்து யாரும் கேட்காத ஒரு கேள்வியைக் கேளுங்கள்: பிள்ளைகளைத் தனியாக விளையாட விட்டுப் பார்த்துக்கொள்ளும் கிளப்பில் அவர்கள் இருக்கும்போது எச்சரிக்கை ஒலித்தால் என்ன செய்வது? பொதுவாகக் கிளப் ஊழியர்களே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து பெற்றோரிடம் சேர்ப்பார்கள். சின்னப் பிள்ளைகளின் கையில் ஸ்டேஷன் எண் போட்ட ஒரு பட்டை கட்டுவது அதற்காகத்தான். இது தெரியாமல் பெற்றோர் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் மேலே ஓடினால் படிக்கட்டு அடைத்துக்கொள்ளும். உங்கள் கப்பலில் என்ன ஏற்பாடு என்று அன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் கிளப்பில் பெயர் பதிவதும் முதல் நாள் மதிய வேலைதான். அன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கப் பெற்றோரையும் விடுவார்கள். நான்கு வயது என்றால் கழிப்பறைப் பழக்கம் வந்திருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை, நீச்சல்குளத்துக்கும் அதே விதிதான். உயிர்காப்பாளர் எல்லாக் கப்பல் குளங்களிலும் இருப்பதில்லை, எனவே கண் எப்போதும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பெரிய கப்பலில் நாடகம், பனிச்சறுக்கு போன்ற காட்சிகளுக்கு இடம் பதிய வேண்டியிருக்கும். ஏறுவதற்கு முன்பே ஆப்பில் திறந்திருந்தால் வீட்டிலிருந்தே செய்துவிடுங்கள். ஸ்பாவைச் சுற்றிக் காட்டுகிறோம், குலுக்கலில் பரிசு உண்டு என்று கூப்பிடுவார்கள். விட்டுவிடலாம்.

கரை மறைவதற்குள் எல்லா போனையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். கடலில் கப்பல் தன் செல் சிக்னலைச் செயற்கைக்கோள் வழியாகத் தரும். போன் அதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும், வழக்கமான ரோமிங் திட்டங்கள் அதற்குப் பெரும்பாலும் செல்லாது. பில் மயக்கம் போட வைக்கும். இணையத் திட்டம் வாங்காவிட்டாலும் கப்பலின் ஆப் மட்டும் அதன் வைஃபையில் வேலை செய்யும். மகளிடம் போன் இருந்தால் அதையும் மறக்க வேண்டாம்.

கிளம்புகிற நேரத்துக்கு அரைமணி முன்பே மேலே போய்விடுங்கள். அந்த நாளில் நான் பார்க்கச் சொல்கிற ஒரே காட்சி இதுதான். உச்சித் தளத்து இசைக் கூட்டத்துக்குப் போக வேண்டாம், கரைப்பக்கமாகக் கீழே எட்டிப்பார்க்க முடிகிற ஒரு நடைதளத்தைத் தேடுங்கள். கயிறுகளைக் கரையில் அவிழ்த்து விடுவார்கள், கப்பல் அவற்றை உள்ளே சுருட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் தள்ளும் சுழலிகள் ஓடத் தொடங்கியதும் கீழே தண்ணீர் கலங்கிச் சேற்று நிறத்தில் கொதிக்கும். கப்பல் முன்னால் போகாது, பின்னாலும் போகாது, பக்கவாட்டில் நகரும். கரைதான் நம்மை விட்டுப் போவதுபோல் இருக்கும். துறைமுக வாயைத் தாண்டிய பிறகு இன்னும் கொஞ்சம் நில்லுங்கள். ஒரு சின்னப் படகு பாய்ந்து வந்து கப்பலை ஒட்டிக்கொண்டே ஓடும். கப்பலின் அடிவயிற்றில் ஒரு கதவு திறந்து, கயிற்றேணி ஒன்று தொங்கும். துறைமுகத்தை விட்டுக் கப்பலை வெளியே கொண்டுவந்த பைலட், அதில் இறங்கி, ஓடுகிற படகின் மேல் காலை வைத்துத் தாவுவார். நூற்றில் தொண்ணூறு பயணிகள் அந்நேரம் மறுபக்கம் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளுக்கு ஏழு நாளில் பார்த்ததெல்லாம் மறந்தாலும் இது மறக்காது.

கடைகளும் சூதாட்ட அரங்கும் மதியம் முழுக்க ஏன் மூடியிருந்தன என்று கணவர் கேட்டால்: ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல்மைல், கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர். அதற்குள் அந்த நாட்டு வரியும் உரிமச் சட்டமும் செல்லும். பொதுவாக வெளியே போன பிறகுதான் திறப்பார்கள்.

குமட்டலைப் பற்றி உங்கள் கேள்வியில் இல்லை, ஆனால் மாமியார் மனதில் இருக்கும். பெரிய கப்பல்களின் இரு பக்கமும் தண்ணீருக்கு அடியில் துடுப்பு போன்ற இறக்கைகள் நீட்டிக்கொள்ளும், பக்கவாட்டு ஆட்டத்தை அவை நன்றாகவே அடக்கும். இருந்தாலும் சிலருக்கு முதல் இரவு தலை சுற்றும். மாத்திரை குமட்டல் தொடங்கும் முன் போட்டால்தான் ஒழுங்காகக் கேட்கும். எது, எவ்வளவு என்பதைக் கிளம்பும் முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வேறு மாத்திரைகள் சாப்பிடுகிற பெரியவருக்கும் சின்னப் பிள்ளைக்கும் குறிப்பாக. தலை சுற்றினால் அறைக்குள் படுத்துப் போனைப் பார்ப்பதுதான் மிக மோசமான வைத்தியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், அடிவானம் தெரிகிற ஓர் இடத்தில் உட்கார வையுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. அறை இன்னும் பதிவு செய்யவில்லை என்றால் அந்தக் கணக்கிலேயே தேர்ந்தெடுங்கள்.

இரவுச் சாப்பாட்டுக்குச் சீக்கிரப் பந்தி, தாமதப் பந்தி என்று இரண்டு, அல்லது விருப்பமான நேரம் என்று இருக்கும். நான்கு வயதுப் பையன் இருக்கிற வீட்டுக்குச் சீக்கிரப் பந்திதான். சைவம், ஒவ்வாமை, உப்புக் குறைவு என்று எதுவாக இருந்தாலும் முதல் நாளே தலைமைப் பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள். பல கப்பல்களில் மறுநாள் உணவுப் பட்டியலை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, உங்களுக்கென்று தனியாகச் செய்து வைப்பார்கள். சாப்பாட்டு மேசையிலேயே சின்னவன் தூங்கிவிடுவான். அன்றிரவு காட்சிக்குப் பதிந்திருந்தாலும் ஒருவர் அவனோடு அறைக்குப் போய்விடுங்கள், வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஜன்னல் இல்லாத உள் அறையாக இருந்தால் விளக்கை அணைத்ததும் கும்மிருட்டு. கையை முகத்துக்கு முன் வைத்தாலும் தெரியாது. தொலைக்காட்சியில் கப்பலின் முன்பக்கக் கேமரா ஓடுகிற சேனல் ஒன்று பல கப்பல்களில் உண்டு. சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அதை ஓட விடுங்கள். இரவில் மெல்லிய வெளிச்சம் தரும், விடிந்ததும் திரையே வெளுத்து உங்களை எழுப்பும். இரவெல்லாம் எங்கேயோ மரம் முனகுவதுபோல் கேட்கும், பலகைகள் ஒன்றோடொன்று உராய்கிற சத்தம்தான், கப்பலுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெட்டிகள் அதற்குள் கதவோரம் வந்து நின்றிருக்கும். எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் அன்றிரவே துணிகளை அலமாரியில் எடுத்து வைத்துவிட்டு, காலிப் பெட்டிகளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். அதற்கென்றே கட்டிலை உயரமாகச் செய்திருக்கிறார்கள்.